வேரில் ஒட்டிய மண்

ரெமிஹியோ உயிரோடு இருந்த காலத்தில் ஒதிலியா அவரோடு போட்ட சண்டைகளில் பாதி மண்ணுக்காகத்தான். சொத்துத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். சொத்து என்று சொல்ல அவர்களிடம் ஒரு பழைய டிரக்கும் முற்றத்தில் ஒரு மெஸ்கீத் மரமும்தான் இருந்தன. இது வேரில் ஒட்டிய மண். மலையில் பிடுங்கிய செடியை நன்றாக உதறி, மண் போன பிறகுதான் செய்தித்தாளுக்குள் வைத்து அமுக்க வேண்டும். செடி சேகரிக்கிறவர்களுக்கு இது பாலபாடம். அந்த மனுஷன் உதறவே மாட்டார்.

"இது செடியா, உருளைக்கிழங்கா? இதை ஒட்டினா தாளே கிழிஞ்சு தொங்கும்யா!"

"மண்ணும் அந்த மலையோடதுதானே ஒதிலியா. சும்மா ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் பல்லைக் காட்டுவார். எருமை மேல் மழை பெய்த மாதிரி.

அவர் தீக்காவல் கோபுரத்தில் வேலை பார்த்தவர். கோடை முழுக்க மலை உச்சியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விடுப்பு கிடைத்தால் காடு காடாகத் திரிந்து செடி எடுப்பார். ஒதிலியா கீழே, பாலைவன நகரத்துப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பேரியத்துக்குப் பொறுப்பு. காய்ந்த செடியைத் தாளில் ஒட்டி, எந்த மலை, எந்த ஓடை, யார் எடுத்தது என்று சீட்டு அடித்து மூலையில் ஒட்டி, இரும்பு அலமாரியில் அடுக்குகிற இடம் அது. அவர் கொண்டுவருவார், இவள் ஒட்டுவாள். காதல் வந்ததே அந்தப் பசை வாசனையில்தான்.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது. மண்ணைத் திட்ட ஆளில்லாமல் ஒதிலியாவின் வாய் துருப்பிடித்துக் கிடந்தது.

ஜூன் மாதம், மழை இறங்குவதற்கு முன்னால், நோரீன் என்கிற பெண் வந்தாள். குளிர் தேசத்துச் செடிகள் இந்தப் பாலைவன மலைகளின் உச்சியில் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஆராய்கிறவள். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. பனிப்பச்சைத் தாள்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றாள். பனிக்கு அடியிலும் இலை பச்சை மாறாத சின்னப் பூச்செடி அது. தரையோடு தரையாக வட்ட இலைகள், நடுவில் ஒரே ஒரு மெல்லிய தண்டு, அதில் தலைகுனிந்த வெள்ளைப் பூக்கள். ஃபிர் மரத்து நிழலும் பழைய காட்டு மண்ணும் இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை.

மேசையில் தாள்களைப் பரப்பி மலைவாரியாகப் பிரித்த நோரீன், ஒரு தாளை மட்டும் தனியாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒதிலியாம்மா, நெக்ரீட்டா மலையில இருந்து ஒரே ஒரு தாள்தான் இருக்கு. எடுத்தது ரெமிஹியோ பிராக்காமோந்தே. அவர்..."

"என் வீட்டுக்காரர்தான். சொல்லு."

"அந்தக் காடுதான் ஏழு வருசத்துக்கு முன்னாடி எரிஞ்சுபோச்சே. ரெண்டு கோடையா தேடிட்டேன். ஒரு இலைகூட இல்லம்மா. நெக்ரீட்டாவில அற்றுப்போச்சுன்னு எழுதிடப்போறேன். எழுதறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணுச்சு."

"மத்த மலையெல்லாம்?"

"நாலு மலையில இருக்கு. சான் ஃபாபியான்ல யாரும் எப்பவும் எடுத்ததில்ல, அதனால அங்க போகல. வர்ற வசந்தத்துல அதோட வடக்குச் சரிவுல கீழ்ப்புதரையெல்லாம் எரிக்கப்போறாங்க. பெரிய தீ வராம இருக்கச் சின்னத் தீ."

நோரீன் சாப்பிடப் போனாள். ஒதிலியா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளும் அவரும் சேர்ந்து செய்த முதல் தாள் அது. படுக்கையில் கிடந்தபோது அவர் இந்தப் பூவைத்தான் கேட்டார். "போனப்புறம் கல்லறையில வைக்காதே. சாம்பலை அந்தப் பனிப்பச்சை இருந்த நிழல்ல கொட்டிடு." எந்த மலைய்யா அது என்று கேட்டாள். "எனக்கே மறந்துபோச்சு. நீதான் சீட்டு வெச்சிருக்கியே, அதுல இருக்கும்" என்றார். சீட்டில் நெக்ரீட்டா என்று இருந்தது. அதை நம்பித்தான், எரிந்த காட்டில் ஒரு மூலையாவது மிஞ்சியிருக்கும் என்று, அவளும் அவர் தங்கை சாயோவும் சாம்பலைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேலே போனால் நிழலாவது ஒன்றாவது! கரிக்கட்டையாக நின்ற மரங்கள், சுட்டெரிக்கிற வெயில், கறுத்த எரிமலைக் கல். அழுதுகொண்டே கொட்டிவிட்டு வந்தாள். நிழல் கேட்டவருக்கு வெயிலைக் கொடுத்தோமே என்று இன்றுவரை அவள் நெஞ்சு ஆறவில்லை.

பழைய கோபத்தில் அவள் வேரைப் பார்த்தாள். அப்படியே இருந்தது, உதறாத மண். காகிதப் பட்டை போட்டு இறுக்கி ஒட்டியது அவள் கைதான். "உருளைக்கிழங்கு" என்று முணுமுணுத்தபடி லென்ஸை நகர்த்தினாள். மண் மின்னியது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். காக்காப்பொன். அபிரகம், பொடிப்பொடியாக, தகடு தகடாக, வேர் முழுக்க. நெக்ரீட்டா கறுப்பு எரிமலைக் கல் மலை. சலித்து எடுத்தாலும் அங்கே ஒரு பொட்டு காக்காப்பொன் கிடைக்காது. சான் ஃபாபியானிலோ நடந்து திரும்பினால் செருப்பெல்லாம் மினுங்கும்.

அவளுக்கு அவருடைய தொப்பி ஞாபகம் வந்தது. செடியை எடுத்த இடத்திலேயே சீட்டு எழுதி அதே செய்தித்தாள் மடிப்புக்குள் வைக்க வேண்டும். அவர் எழுதுவார், ஆனால் தொப்பிப் பட்டையில் செருகிக்கொள்வார். சாயங்காலம் டிரக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எந்தச் சீட்டு எந்தச் செடிக்கு என்று பிரிப்பார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரே சுற்றில் இந்த இரண்டு மலையையும் ஏறி இறங்கிய கோடை அது. சீட்டு மாறிப்போயிருக்கிறது. அவர் மாற்றிச் செருகியதை இவள் முத்து முத்தாக அடித்து ஒட்டியிருக்கிறாள்.

அப்படியென்றால் அவர் கேட்ட நிழல் சான் ஃபாபியானில் இருக்கிறது. அவர் கிடப்பது நெக்ரீட்டாவில்.

நோரீன் திரும்பி வந்து, "என்னம்மா, முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஏசிக் காத்து ஒத்துக்கல" என்று சொல்லி ஒதிலியா தாளை உறைக்குள் வைத்தாள்.

வீட்டில் சாயோ தோர்த்தியா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கணவன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வாய் எட்டு ஊருக்குக் கேட்கும்.

"என்ன அண்ணி, வந்ததுல இருந்து வாயில கொழுக்கட்டையா? அந்த மூக்கு உரிஞ்ச பொண்ணு ஏதாவது சொல்லிச்சா?"

எதுவும் இல்லை என்றுதான் ஒதிலியா சொல்ல நினைத்தாள். ஆனால் முதல் தோர்த்தியாவைக் கையில் வாங்கியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாயோ அடுப்பை அணைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எங்க அண்ணன் தப்பான மலையிலயா கிடக்கான்?"

"ஆமா."

"நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா? கல்லறையில வைங்க, பாதிரியாரும் அதைத்தான் சொல்றாருன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கல்லறைன்னா இடம் மாறிப்போகுமா?"

"இப்ப அதைச் சொல்லி என்னடி பிரயோசனம்?"

"சரி விடுங்க. இது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்? நம்மளோடயே போகட்டும். அந்தப் பொண்ணு கேட்டா சீட்டுல இருக்கிறதுதான்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"பூசணிக்காயா? கண்ணுக்குத் தெரியாத மண்ணு! அதைப் போய் யாரு லென்ஸ் வெச்சுப் பாக்கப்போறா? அண்ணன் இரண்டாயிரம் செடி எடுத்தான்னு நீங்கதானே பெருமையாச் சொல்வீங்க? இதுல தப்புன்னு நீங்களே எழுதிவெச்சா, மத்ததையும் நம்புவாங்களா? உடம்பை எரிச்சீங்க. மானத்தையும் எரிக்கணுமா?"

ஒதிலியா தோர்த்தியாவைப் பிய்த்தாள். சாயோ சொன்னதில் பொய் இல்லை. ஒரு தாளில் இடம் தப்பு என்றால், அதே ஆள் எடுத்த மற்றத் தாளையெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அவளே எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள்! அதோடு இன்னொன்று, மானத்தையும் விடப் பெரியது. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது உறுதியாகிவிடும். அவரைத் தப்பான இடத்தில் விட்டுவிட்டு வந்தவள் என்று மிச்ச ஆயுசு முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒருவேளை மறந்துவிடலாம்.

இரண்டு நாள் அப்படியே ஓட்டினாள். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை. நோரீன் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தாள். மூன்றாம் நாள் காலையில் மெஸ்கீத் மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், தெற்கே பாலைவனத்தில் ஒரு புழுதிச் சுழல் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்க்க அச்சு அசல் புகை மாதிரியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே கண் நிறைந்துவிட்டது.

சாயோ காபிக் கோப்பையோடு வெளியே வந்தாள். "என்னத்துக்கு இப்ப சிரிப்பும் அழுகையும்?"

"உங்க அண்ணன் ரேடியோவில எத்தனை தடவை புழுதியைப் புகைன்னு சொல்லிருக்காரு தெரியுமா?"

"ஊரே சிரிக்குமே! கடைத்தெருவில 'புழுதி ரெமிஹியோ'ன்னுதானே கூப்பிடுவாங்க."

"நான்கூடச் சண்டை போடுவேன். நிச்சயமாத் தெரிஞ்சாச் சொல்லுய்யா, ஏன் அசிங்கப்படறேன்னு. அவரு என்ன சொல்வாரு? 'தப்பாச் சொன்னா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க, அவ்வளவுதானே. சொல்லாம விட்டா காடு போயிரும்.'"

சாயோ கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சான் ஃபாபியான் சரிவைக் கொளுத்தப்போறாங்கடி. அங்க அந்தப் பூ இருக்குன்னு இந்த உலகத்துலயே நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடிக்கிட்டா அவரு மானம் நிக்கும், பூ சாம்பலாயிரும். அந்த மானம் அவருக்கு எதுக்கு? சிரிக்கட்டுமே!"

"அப்ப போய்ச் சொல்லித் தொலைங்க. என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்று சாயோ சொன்னாள்.

ஒதிலியா சொன்னதைக் கேட்டு நோரீன் நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்தாள். தலையை எடுத்து ஒதிலியாவைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

"காக்காப்பொன்தான். சந்தேகமே இல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். "ஒதிலியாம்மா, இது உங்க வீட்டுக்காரரோட தாள். சீட்டை மாத்திடவா?"

"மாத்தறதாவது! எந்த ஹெர்பேரியத்துல அந்தப் பழக்கம்?" ஒதிலியாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "பழைய சீட்டு மேல கை வைக்கப்படாது. தப்போ சரியோ, அது பாட்டுக்கு அங்க இருக்கணும். பக்கத்துல இன்னொண்ணு ஒட்டுவோம்."

சின்னச் சீட்டில் அவளே எழுதினாள். வேர் மண்ணில் காக்காப்பொன் இருப்பதால் இந்தச் செடி நெக்ரீட்டாவைச் சேர்ந்ததாக இருக்க முடியாது, சான் ஃபாபியானாக இருக்கலாம் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். பசை தடவி ஒட்டினாள். நுண்ணோக்கித் தட்டில் கொஞ்சம் மண் உதிர்ந்து கிடந்தது. உதிர்ந்தது எதுவானாலும் தாளில் ஒட்டியிருக்கும் சின்ன உறைக்குள் போட வேண்டும் என்பது முறை. போட்டாள். எல்லாவற்றையும் போட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மழை விழுந்ததும் மூவரும் சான் ஃபாபியான் ஏறினார்கள். சாயோவை யாரும் கூப்பிடவில்லை. கோவிலுக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு, பை நிறைய, தோர்த்தியாவில் சுருட்டிய பூரித்தோவோடு டிரக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் முழங்காலையும் வெயிலையும் மலையைப் படைத்தவனையும் ஒருசேரத் திட்டினாள். கள்ளி போய் ஓக் வந்தது, ஓக் போய் பைன் வந்தது. வடக்குச் சரிவில் ஃபிர் மரங்கள் நெருங்கிய இடத்தில் ஓடைச் சத்தம் கேட்டது. நோரீன் ஒரு பக்கமும் ஒதிலியா ஒரு பக்கமுமாகக் குனிந்து தேடினார்கள். மத்தியானம்வரை எதுவும் அகப்படவில்லை.

"செருப்புக்குள்ள கல்லு. நான் இனிமே ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன்" என்று சொல்லி சாயோ ஒரு மரத்தடியில் உட்காரப் போனாள்.

"உட்காராதீங்க!" என்று நோரீன் போட்ட சத்தத்தில் ஒரு காக்கை பறந்தது.

சாயோ அரை உட்காரலில் அப்படியே நின்றாள். அவளுக்குப் பின்னால், ஃபிர் சருகுக்குள், வட்ட இலைகள் தரை முழுக்கப் பரவியிருந்தன. அங்கங்கே தண்டு எழும்பி, பூக்கள் தலைகுனிந்து நின்றன. மரத்தடி முழுக்க, அடுத்த மரத்தடி முழுக்க, ஓடைவரைக்கும் போயிருந்தது.

"இத்தனை பேரு படிச்சுட்டு வந்து தேடினீங்க. கடைசியில என் பின்பக்கம்தான் கண்டுபிடிச்சுது" என்றாள் சாயோ. நோரீன் சிரித்து, அழுது, அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஏராளமாக இருந்ததால் ஒரே ஒரு செடியை எடுப்பதில் பாவமில்லை. நோரீன் அதைக் கெல்லி எடுத்து, இடத்தை எழுதிய சீட்டோடு அங்கேயே செய்தித்தாளில் வைத்தாள்.

"அண்ணி, இந்தப் பொண்ணு வேரை உதறல பாருங்க. திட்டுங்க" என்றாள் சாயோ.

ஒதிலியா திட்டவில்லை. அவள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே பாலைவனம் கொதிக்கிறது, இங்கே முதுகு குளிர்ந்தது. மண் ஈரமாக, சருகு வாசனையோடு இருந்தது. இந்த நிழலைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

"இவ்வளவு நிழல் இருக்குடி இங்க" என்றாள். "நான் அந்த மனுஷனைக் கொண்டுபோய் வெயில்ல போட்டுட்டேனே." சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள்.

சாயோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், இந்த முறை இடம் பார்த்து. "ரெண்டு செடியைத் தோண்டிக் கொண்டுபோய் அண்ணன் கிடக்கிற இடத்துல நட்டுடலாமா?"

"பிழைக்காது. இந்த மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சைதான் அதுக்குச் சோறு போடுது. இதை விட்டு எடுத்தா ஒரு வாரம்கூடத் தாங்காது."

"அப்ப அண்ணனையாவது இங்க கொண்டுவரலாம்."

"நாலு மழைக்காலம் போயிருச்சு சாயோ. எதை அள்ளுவ?"

சாயோ பையைப் பிரித்து ஆளுக்கொரு பூரித்தோ கொடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். சில்தெப்பின் மிளகாயைச் சாயோ அள்ளிப் போட்டிருந்ததால் யாருடைய கண்ணீர் எதற்கு என்று தெரியவில்லை.

காட்டு அலுவலகத்தில் தீ வரைபடத்தை மாற்றினார்கள். ஓடையைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதற்குள் நெருப்பு வைப்பதில்லை என்று நோரீனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். யாரோ ஒருவர் "புழுதி ரெமிஹியோ கடைசியா ஒரு மலையையே மாத்திச் சொல்லிட்டாரே" என்று சிரித்தாராம். சிரித்துவிட்டுத்தான் கோடு போட்டார். அது போதும் என்றாள் ஒதிலியா.

நவம்பரில் இறந்தவர்கள் நாள் வந்தது. ஒவ்வொரு வருடமும் போல இருவரும் நெக்ரீட்டா ஏறினார்கள். கரி மரங்கள் பாதி சாய்ந்திருந்தன. சாயோ சாமந்தியை வைத்து, அவருக்குப் பிடித்த வெல்லம் வைத்துச் சுட்ட கொயோத்தா பலகாரத்தை வைத்து, காபியை ஊற்றி, ஒரு சிகரெட்டையும் பற்றவைத்துக் கல் இடுக்கில் செருகினாள். பிறகு அண்ணனுக்கு ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னாள். தன் பின்பக்கத்தின் பெருமையை இரண்டு தடவை சொன்னாள்.

ஒதிலியா சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகித மடிப்பை எடுத்தாள்.

"என்ன அது?"

"அந்தத் தாள்ல இருந்து உதிர்ந்த மண்ணு. ஒரு சிட்டிகை."

சாயோவின் வாய் பிளந்தது. "திருடிட்டீங்களா? நீங்களா? உதிர்ந்த மகரந்தத்தைக்கூட உறைக்குள்ள போடுன்னு ஊரையே விரட்டின ஆளு!"

"அவரு கையால தோண்டின மண்ணுடி. இத்தனை வருசம் அலமாரியில கிடந்தது, பூச்சி வராம இருக்க எத்தனையோ தடவை உறையவெச்சது. இதுல உயிருன்னு ஒண்ணும் இல்ல, எதையும் கெடுக்காது." அவள் குனிந்து கறுப்புக் கல் மண்ணின் மேல் மடிப்பைப் பிரித்தாள். "இந்தாய்யா. உன்னை அங்க கொண்டுபோக முடியல. அதைக் கொஞ்சம் இங்க கொண்டுவந்திருக்கேன். பழசைக் கிழிக்கல. பக்கத்துல ஒட்டறேன், அவ்வளவுதான்."

கறுப்பு மண்ணில் காக்காப்பொன் விழுந்து வெயிலில் மினுங்கியது.

"அண்ணி, நூறு வருசம் கழிச்சு நோரீன் மாதிரி எவளாவது இங்க வருவா. இந்த மலையில காக்காப்பொன் எப்படி வந்துச்சுன்னு மண்டையை உடைச்சுக்குவா."

"உடைச்சுக்கட்டும்" என்றாள் ஒதிலியா. "வாழ்க்கை முழுக்க உண்மையையே ஒட்டினேன். இந்த ஒண்ணுக்கு மட்டும் நான் சீட்டு எழுதமாட்டேன்."

சாயோ வாய்விட்டுச் சிரித்தாள். ஒதிலியாவும் சிரித்தாள், அவர் போன பிறகு இந்த மலையில் முதல் முறையாக. உள்ளங்கை ரேகைகளில் இன்னும் கொஞ்சம் மண் மின்னிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் இரண்டு கையையும் தட்டி உதறப்போனவள் நிறுத்திக்கொண்டாள். கையை அப்படியே மூடிக்கொண்டு சாயோவுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கினாள்.